கொரியாவின் விடுதலை யாரோ கொடுத்ததா?

கேள்வி இதுதான்: "அமெரிக்கா அணுகுண்டு போட்டது, ஜப்பான் சரணடைந்தது, கொரியாவுக்குத் தானாகவே விடுதலை கிடைத்தது. நம் நாட்டைப் போல அங்கே சுதந்திரப் போராட்டம் என்று ஏதாவது நடந்ததா?"

நடந்தது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நடந்தது. ஜப்பானைப் போரில் தோற்கடித்தது கொரியர்கள் இல்லை என்பது சரிதான், அதை அவர்களும் மறுப்பதில்லை. ஆனால் ஜப்பான் தோற்ற நாளில் "கொரியா" என்று ஒரு நாடும் "கொரிய மொழி" என்று ஒரு மொழியும் மிச்சம் இருந்ததே, அது யாரும் கொடுத்ததில்லை. அந்த நாற்பது ஆண்டுகளில் செத்தவர்களும் சிறையில் கிடந்தவர்களும் காப்பாற்றி வைத்தது. இந்தக் கதையை நான் பல வருடமாகப் படித்து வருகிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொதுவாக 1910 முதல் 1945 வரை 35 ஆண்டு அடிமைத்தனம் என்று கணக்குச் சொல்வார்கள். கழுத்தில் கயிறு விழுந்தது அதற்கு முன்பே. 1895 அக்டோபரில் ஜப்பானியர்கள் சியோல் அரண்மனைக்குள் புகுந்து, மின் என்ற கொரிய அரசியை வெட்டிக் கொன்றார்கள். ஒரு நாட்டின் அரசியை அவருடைய படுக்கையறைப் பக்கத்திலேயே கொன்றுவிட்டு யாரும் பெரிதாகத் தண்டனை அனுபவிக்காமல் போனார்கள் என்றால், அந்த நாட்டின் நிலை எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். 1904-05-ல் ரஷ்யாவை ஜப்பான் தோற்கடித்ததும் தடுக்க ஆளில்லை. அமெரிக்காவும் "பிலிப்பைன்ஸ் எங்களுக்கு, கொரியா உங்களுக்கு" என்கிற ரீதியில் ஜப்பானோடு ஒரு புரிதலுக்கு வந்திருந்தது. 1905 நவம்பர் 17 அன்று அரண்மனையைச் சுற்றிப் படையை நிறுத்திவிட்டு, ஜப்பானின் மூத்த அரசியல் தலைவர் இத்தோ ஹிரோபுமி கொரிய அமைச்சர்களிடம் ஒப்பந்தத்தை நீட்டினார். வெளியுறவு உரிமை முழுவதும் ஜப்பானுக்குப் போனது. மன்னர் கோஜோங் கையெழுத்துப் போடவில்லை. ஒப்புக்கொண்ட ஐந்து அமைச்சர்களைக் கொரியர்கள் இன்றுவரை "ஐந்து துரோகிகள்" என்றுதான் சொல்கிறார்கள்.

கோஜோங் சும்மா இருக்கவில்லை. 1907-ல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் உலக அமைதி மாநாடு நடந்தபோது மூன்று தூதர்களை ரகசியமாக அனுப்பினார். வெளியுறவு உரிமை இல்லாத நாட்டுக்கு இடமில்லை என்று வாசலிலேயே மறுத்துவிட்டார்கள். மூவரில் ஒருவரான யி ஜுன் அந்த ஊரிலேயே இறந்துபோனார். தூது அனுப்பிய குற்றத்துக்காகக் கோஜோங் அரியணையிலிருந்து இறக்கப்பட்டார். ஆகஸ்ட் 1 அன்று கொரிய ராணுவமும் கலைக்கப்பட்டது.

அதே 1907-ல் சாதாரண மக்கள் செய்த ஒரு காரியம் என் மனதை விட்டுப் போகாது. கொரிய அரசின் தலையில் ஜப்பான் ஏற்றி வைத்த கடன் சுமார் 1.3 கோடி வொன். அதை அடைத்தால் நாட்டை மீட்டுவிடலாம் என்று தேகு நகரில் ஓர் இயக்கம் கிளம்பியது. ஆண்கள் மூன்று மாதம் புகையிலையை விட்டு அந்தக் காசைக் கொடுக்க வேண்டும் என்பது முதல் யோசனை. பெண்கள் கொண்டை ஊசியையும் மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்தார்கள். ஜப்பானிய நிர்வாகம் நெருக்கடி கொடுத்து அந்த முயற்சியை முறித்துவிட்டது. அரசன் கடனைக் குடிமக்கள் தங்கள் கடனாக எடுத்துக்கொண்டார்கள் என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைப்பது.

கலைக்கப்பட்ட சிப்பாய்கள் துப்பாக்கியோடு மலைக்குப் போனார்கள். விவசாயிகளும் வேட்டைக்காரர்களும் கிராமத்து அறிஞர்களும் சேர்ந்து "உய்பியோங்", அதாவது நேர்மைப் படை, என்று திரண்டார்கள். மெக்கென்சி என்ற பத்திரிகையாளர் அவர்களைத் தேடி மலைப்பகுதிக்குப் போய் எடுத்த ஒரு படம் உண்டு. பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள், ஒருவனுக்கு ராணுவச் சட்டை, இன்னொருவனுக்குக் கிழிந்த வேட்டி மாதிரியான உடை, ஆளுக்கொரு ரகமாகப் பழைய துப்பாக்கிகள். ஜெயிக்க மாட்டோம் என்று அவர்களுக்கே தெரியும். ஜப்பானுக்கு அடிமையாக வாழ்வதைவிடச் சுதந்திர மனிதனாகச் செத்துப்போவது மேல் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். 1907 முதல் 1911 வரை கொல்லப்பட்டவர்கள் 17,000-க்கும் அதிகம். இது ஜப்பானியப் பதிவே சொல்கிற எண்ணிக்கை.

இந்தப் படையில் இருந்து வந்தவர்தான் ஆன் ஜுங் குன். கத்தோலிக்கர், பள்ளிக்கூடம் நடத்தியவர். 1909 தொடக்கத்தில் தோழர்களோடு சேர்ந்து இடது கை மோதிர விரலின் நுனியை வெட்டி ரத்தத்தில் சபதம் எழுதினார். அந்த ஆண்டு அக்டோபர் 26 அன்று சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியாவின் ஹார்பின் ரயில் நிலையத்தில் இத்தோ ஹிரோபுமியைச் சுட்டுக் கொன்றார். ஓடவில்லை. விசாரணையில் இத்தோவின் குற்றங்கள் என்று பதினைந்தை அடுக்கினார், முதல் குற்றம் அரசியின் கொலை. தன்னைக் கொலைகாரனாக விசாரிக்கக் கூடாது, பிடிபட்ட போர்வீரனாக நடத்த வேண்டும் என்று வாதாடினார். 1910 மார்ச் 26 அன்று சீனாவின் லூஷுன் சிறையில் தூக்கிலிட்டார்கள். கிழக்காசிய அமைதி பற்றி அவர் எழுதத் தொடங்கிய கட்டுரை பாதியில் நின்றுபோனது. கொரியா, சீனா, ஜப்பான் மூன்றும் சமமாக நின்று மேற்கத்திய ஆதிக்கத்தை எதிர்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். அவரைக் காவல் காத்த ஜப்பானியச் சிப்பாய் ஒருவர், அவர் எழுதிக் கொடுத்த எழுத்தோவியத்தைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சாகும் வரை வைத்து வணங்கினார். அந்த எழுத்து பின்னாளில் கொரியாவுக்குத் திரும்பி வந்தது.

1910 ஆகஸ்டில் கொரியா முழுமையாக இணைத்துக்கொள்ளப்பட்டது. அடுத்த ஒன்பது ஆண்டுகள் ராணுவப் போலீஸ் ஆட்சி. பள்ளி ஆசிரியர்கூட இடுப்பில் வாளோடு வகுப்புக்கு வந்தார். கசையடித் தண்டனை கொரியர்களுக்கு மட்டும் என்று தனிச் சட்டம். கூட்டம் கூட உரிமை இல்லை, கொரியப் பத்திரிகைகள் இல்லை. "ரயில் போட்டார்களே, துறைமுகம் கட்டினார்களே" என்று கேட்பவர்கள் உண்டு. போட்டார்கள்தான். 1920-களில் நெல் விளைச்சலைப் பெருக்கும் திட்டம் வந்தது, விளைச்சலும் கூடியது. ஆனால் கப்பலேறி ஜப்பான் போன அரிசி அதைவிட வேகமாகக் கூடியதால், விளைவித்த கொரியன் சாப்பிட்ட அரிசி குறைந்தது. அவனுக்கு மஞ்சூரியாவிலிருந்து வந்த தினைதான். அந்த ரயிலும் துறைமுகமும் யாருக்காக என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சரி, இப்போது 1919-க்கு வருவோம். கொரியப் போராட்டத்தின் இதயம் அந்த ஆண்டுதான்.

ஜனவரி 21 அன்று கோஜோங் இறந்தார். ஜப்பானியர்கள் விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. முதல் உலகப் போர் முடிந்து, எந்த மக்களும் தங்கள் விதியைத் தாங்களே முடிவு செய்யலாம் என்று அமெரிக்க அதிபர் வில்சன் பேசிக்கொண்டிருந்த நேரம். பிப்ரவரி 8 அன்று டோக்கியோவில் படித்த கொரிய மாணவர்கள், எதிரியின் தலைநகரிலேயே சுதந்திர அறிவிப்பை வாசித்தார்கள். சியோலில் ரகசியமாக ஓர் ஏற்பாடு நடந்தது. சொந்தோக்யோ என்ற கொரிய மதத்தினர் 15 பேர், கிறிஸ்தவர்கள் 16 பேர், பௌத்தர்கள் 2 பேர், மொத்தம் 33 பேர் கையெழுத்திட்டார்கள். கவிஞரும் துறவியுமான ஹான் யோங் உன் அந்த இரண்டு பௌத்தர்களில் ஒருவர். மூன்று மதத்தார் ஒரே தாளில் பெயர் எழுதியது எனக்கு எப்போதும் பெரிய விஷயமாகவே தோன்றும். 21,000 பிரதிகள் அச்சாகி, கைமாறிக் கைமாறி ஊர்களுக்குப் போயின. மன்னரின் இறுதி ஊர்வலம் மார்ச் 3. அதற்காக ஜனங்கள் தலைநகருக்கு வந்து குவிந்திருந்தார்கள்.

மார்ச் 1, மதியம் இரண்டு மணி. தலைவர்கள் ஓர் உணவகத்தில் கூடி அறிவிப்பைப் பிரகடனம் செய்துவிட்டுத் தாங்களே போலீஸுக்குச் சொல்லி அனுப்பிக் கைதானார்கள். கலவரம் ஆகிவிடக் கூடாது என்று கடைசி நேரத்தில் பூங்காவுக்குப் போகாமல் இருந்துவிட்டார்கள். பகோடா பூங்காவில் அவர்களுக்காகக் காத்திருந்த மாணவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தாங்களே அறிவிப்பை வாசித்தார்கள். கொரியா ஒரு சுதந்திர நாடு, கொரியர்கள் தன்னுரிமை உள்ள மக்கள் என்று தொடங்கும் அந்த வாசகம் முடிந்ததும் கிளம்பிய முழக்கம் "மான்சே". பத்தாயிரம் ஆண்டு என்று பொருள், நம் "பல்லாண்டு வாழ்க" மாதிரி. கையில் ஆயுதம் இல்லை, மறைத்து வைத்திருந்த கொரியக் கொடிதான்.

தலைவர்கள் முதல் நாளே சிறைக்குப் போய்விட்டார்கள். அதற்கு அப்புறமும் போராட்டம் நிற்காமல் பரவியதுதான் அதன் பலம். சந்தை கூடும் நாள் பார்த்து ஒவ்வோர் ஊரிலும் கொடி எழுந்தது. இரவில் மலையுச்சிகளில் தீ மூட்டி அடுத்த ஊருக்குச் சேதி சொன்னார்கள். கடைக்காரர்கள் கடையை மூடினார்கள். சுவோன் நகரில் மருத்துவப் பரிசோதனைக்கு என்று அழைத்துப் போகப்பட்ட கிசேங் பெண்கள், அதாவது விருந்துகளில் ஆடிப் பாடுகிற கலைஞர்கள், முப்பது பேர் போல, போலீஸ் முன்னாலேயே மான்சே முழங்கினார்கள். சமூகம் ஓரத்தில் வைத்திருந்த பெண்கள் அவர்கள். இரண்டு மூன்று மாதங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. கொரியத் தரப்பு வரலாற்றாசிரியர் பாக் உன் சிக் தொகுத்த கணக்கில் இறந்தவர்கள் 7,509, கைதானவர்கள் 46,948. ஜப்பானிய அரசின் கணக்கில் இறந்தவர்கள் 553. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே அங்கே கணக்கெழுதுவதும் ஒரு போராட்டமாக இருந்தது புரியும்.

ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸில் ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்தது நமக்குத் தெரியும். அதற்கு இரண்டே நாள் கழித்து, ஏப்ரல் 15 அன்று, சுவோனுக்கு அருகில் ஜேஅம்னி என்ற கிராமத்தில் ஜப்பானியப் படை ஆண்களைத் தேவாலயத்துக்குள் வரவழைத்து, கதவைச் சாத்திச் சுட்டுத் தீ வைத்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கனடாவிலிருந்து வந்திருந்த ஷோஃபீல்டு என்ற மிஷனரி, கால்நடை மருத்துவம் படித்தவர், போலியோவால் பாதிக்கப்பட்ட உடம்போடு, ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய், மீதி வழியை மிதித்துக் கடந்து, எரிந்த கிராமத்தைப் படம் பிடித்து உலகுக்குக் காட்டினார். அவருடைய உடல் இன்று சியோலின் தேசியக் கல்லறையில் இருக்கிறது.

யூ க்வான் சூன் பெயரைச் சொல்லாமல் 1919-ஐக் கடக்க முடியாது. சியோலில் இஹ்வா பள்ளி மாணவி. பள்ளிகளை மூடியதும் அறிவிப்பை மறைத்து எடுத்துக்கொண்டு சொந்த ஊருக்குப் போனாள். ஏப்ரல் 1 அன்று அவுனே சந்தையில் கூட்டத்தைத் திரட்டினாள். போலீஸ் சுட்டதில் அப்பாவும் அம்மாவும் அவள் கண் முன்னாலேயே விழுந்தார்கள். சியோலின் சோதேமுன் சிறையில் அடைத்தார்கள். 1920 மார்ச் 1 அன்று, முதலாண்டு நினைவாகச் சிறைக்குள்ளேயே மான்சே முழக்கம் எழுப்பியவர்களில் அவளும் ஒருத்தி. அடியும் சித்திரவதையும் தாங்காமல் அந்த ஆண்டு செப்டம்பர் 28 அன்று இறந்தாள். வயது பதினேழு. நேரு பின்னாளில் சிறையிலிருந்து மகள் இந்திராவுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், கொரியப் போராட்டத்தில் இளம் பெண்கள் பெரும் பங்கு வகித்ததைக் குறிப்பிட்டு எழுதினார். யூ க்வான் சூன் மாதிரிப் பெண்களைத்தான் அந்த வரிகள் நினைவூட்டுகின்றன.

"இவ்வளவு செத்தும் ஜப்பான் போகவில்லையே, அப்போது தோல்விதானே" என்று கேட்கலாம். உடனடிப் பலனாக ராணுவப் போலீஸ் ஆட்சி போய், கொஞ்சம் கையைத் தளர்த்தி, கொரியப் பத்திரிகைகளுக்கு அனுமதி தந்தார்கள். கூடவே போலீஸ்காரர்கள் எண்ணிக்கையும் பெருகியது. அதைவிடப் பெரிய விளைவு ஷாங்காயில் நிகழ்ந்தது. 1919 ஏப்ரல் 11 அன்று, பிரெஞ்சுக்காரர்கள் வசமிருந்த பகுதியில், நாடு கடந்து வந்த கொரியர்கள் தற்காலிக அரசை அமைத்தார்கள். அதன் சாசனத்தின் முதல் பிரிவு: தேஹான்மின்குக், அதாவது கொரியா, ஒரு ஜனநாயகக் குடியரசு. மன்னரின் இறுதி ஊர்வலத்துக்குக் கூடிய ஜனம், ஆறு வாரத்துக்குள் மன்னராட்சி இனி வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டது. ஆண் பெண், உயர்ந்தவர் தாழ்ந்தவர், ஏழை பணக்காரர் பேதமில்லை என்று மூன்றாம் பிரிவு. இன்றைய தென்கொரிய அரசமைப்பின் முன்னுரை தன் வேரை மார்ச் 1 இயக்கத்திலும் இந்தத் தற்காலிக அரசிலும்தான் காட்டுகிறது.

அந்த அரசின் பிழைப்பு மிக மோசம். முதல் அதிபர் சிங்மன் ரீ பெரும்பாலும் அமெரிக்காவிலேயே இருந்தார். 1925-ல் அவரைப் பதவி நீக்கம் செய்தார்கள். தூதரக வழியா, துப்பாக்கி வழியா என்று ஓயாத சண்டை. இடதுசாரிகள் ஒரு பக்கம், தேசியவாதிகள் ஒரு பக்கம். வாடகை கொடுக்கக் காசில்லை. வாசல் காவலாளி வேலையாவது கொடுங்கள் என்று கேட்டு வந்த கிம் கூதான் கடைசியில் அந்த அரசின் தூணாக நின்றார். அவருடைய தாயார் சந்தையில் வீசியெறிந்த முட்டைக்கோஸ் இலைகளைப் பொறுக்கி வந்து சமைத்தார். பிறந்த நாளுக்கு விருந்து வைக்கத் தோழர்கள் பணம் திரட்டியபோது, காசாகவே கொடுங்கள் என்று வாங்கி, அதில் கைத்துப்பாக்கி வாங்கி அவர்களிடமே கொடுத்தவர் அந்த அம்மா.

மஞ்சூரியாவில் நடந்தது இன்னொரு கதை. சியோலின் பெரிய செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த யி ஹோ யோங்கும் அவருடைய சகோதரர்களும், ஆறு பேரும், இருந்த நிலமெல்லாம் விற்றுக் குடும்பத்தோடு எல்லை தாண்டிப் போய் 1911-ல் ஒரு ராணுவப் பள்ளியைத் தொடங்கினார்கள். அங்கே பயின்றவர்கள் பின்னாளின் விடுதலைப் படைகளுக்கு முதுகெலும்பானார்கள். அந்த ஆறு சகோதரர்களில் விடுதலைக்குப் பின் உயிரோடு நாடு திரும்பியவர் ஒரே ஒருவர். 1920 ஜூனில் போங்கோதோங் பள்ளத்தாக்கிலும் அக்டோபரில் சோங்சான்னியிலும் கொரியப் படைகள் ஜப்பானிய ராணுவத்துக்குப் பெருத்த அடி கொடுத்தன. அதற்குப் பழிவாங்க ஜப்பானியப் படை அந்தப் பகுதியிலிருந்த கொரியக் கிராமங்களுக்குள் புகுந்து ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது.

அந்தப் போர்களின் நாயகன் ஹொங் பொம் தோ. புலி வேட்டைக்காரர், படிப்பில்லாதவர். வேட்டைக்காரர்களின் துப்பாக்கியைப் பறிக்க ஜப்பான் முயன்றபோது எழுந்தவர். ஜப்பானிய நெருக்கடி தாங்காமல் சோவியத் பக்கம் போனார். 1937-ல் ஸ்டாலின் அரசு, தூரக் கிழக்கில் வாழ்ந்த சுமார் 1,70,000 கொரியர்களை ஜப்பானிய உளவாளிகளாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, ரயிலில் ஏற்றி மத்திய ஆசியாவில் இறக்கிவிட்டது. ஜப்பானோடு வாழ்நாள் முழுக்கப் போரிட்ட அந்தக் கிழவரும் அதில் ஒருவர். கஜகஸ்தானின் கிசிலோர்தா நகரில், ஒரு கொரிய நாடகக் கொட்டகைக்குக் காவலாளியாக இருந்து, 1943-ல் இறந்தார். விடுதலைக்கு இரண்டு ஆண்டு பாக்கி. அவருடைய எச்சங்கள் 2021 ஆகஸ்ட் 15 அன்றுதான் தென்கொரியா வந்து சேர்ந்தன.

உள்நாட்டிலும் நெருப்பு அணையவில்லை. 1929 அக்டோபர் இறுதியில் நாஜு ரயில் நிலையத்தில் ஜப்பானிய மாணவர்கள் ஒரு கொரிய மாணவியின் பின்னலைப் பிடித்து இழுத்தார்கள். அவளுடைய உறவுக்காரப் பையன் தட்டிக் கேட்டான். போலீஸ் அவனையே அடித்தது. நவம்பர் 3 அன்று குவாங்ஜூ மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சில மாதங்களில் நாடு முழுக்கச் சுமார் 54,000 மாணவர்கள் அதில் சேர்ந்தார்கள். ஒரு பின்னல்தான் தொடக்கம், ஆனால் அவர்கள் கேட்டது தாய்மொழிக் கல்வியும் பேச்சுரிமையும்.

1932 ஏப்ரல் 29. ஷாங்காயின் ஹொங்கோவ் பூங்காவில் ஜப்பானியப் பேரரசரின் பிறந்த நாள் விழா. அன்று காலை கிம் கூவோடு உணவருந்திய 23 வயது யுன் பொங் கில், தன் பைக்கடிகாரத்தை எடுத்துக் கொடுத்தார். "என்னுடையது ஆறு வொன், உங்களுடையது இரண்டு வொன். மாற்றிக்கொள்வோம், எனக்கு இது இன்னும் ஒரு மணி நேரத்துக்குத்தான் வேண்டும்." மேடையில் அவர் வீசிய குண்டில் தளபதி ஷிரகாவா படுகாயமடைந்து பின்னர் இறந்தார். தூதர் ஷிகெமிட்சு ஒரு காலை இழந்தார். 1945-ல் அமெரிக்கப் போர்க்கப்பலில் கைத்தடியை ஊன்றி வந்து ஜப்பானின் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டவர் அதே ஷிகெமிட்சு. யுன் பொங் கில்லை அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானின் கனசாவாவில் சுட்டுக் கொன்றார்கள். இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் சீனத் தலைவர் சியாங் கை ஷேக் தற்காலிக அரசைப் பொருட்படுத்தி உதவத் தொடங்கினார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கேள்விக்கான பதிலில் இதற்கு ஓர் இடம் உண்டு.

இனி மொழி. தமிழ் படிக்கிற நமக்கு இந்தப் பகுதி அதிகம் வலிக்கும்.

1930-களின் இறுதியில் ஜப்பான் கொரியர்களை முழுக்க ஜப்பானியர்களாக மாற்றிவிட முனைந்தது. பள்ளிகளில் கொரிய மொழிப் பாடம் மறைந்தது. 1940-ல் கொரியப் பத்திரிகைகள் மூடப்பட்டன. ஜப்பானியப் பாணியில் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கட்டாயம் இல்லை என்று காகிதத்தில் இருந்தது, ஆனால் பெயர் மாற்றாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைப்பதே கஷ்டம். ஏறக்குறைய எண்பது சதவீதக் குடும்பங்கள் மாற்றிக்கொண்டன. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் மாரத்தான் தங்கம் வென்ற சொன் கீ ஜோங், மேடையில் ஜப்பானியக் கொடி ஏறும்போது தலை குனிந்து, பரிசாகத் தந்த செடியால் நெஞ்சிலிருந்த சூரியச் சின்னத்தை மறைத்து நின்றார். தோங்கா நாளிதழ் அந்தப் படத்தில் கொடியை அழித்துவிட்டு வெளியிட்டது. பத்திரிகையை மாதக்கணக்கில் நிறுத்தினார்கள், ஊழியர்களைச் சிறையில் போட்டார்கள்.

இந்தச் சூழலில் கொரிய மொழிக் கழகம் என்ற அமைப்பினர் 1929 முதல் ஒரு பேரகராதி தொகுத்துக்கொண்டிருந்தார்கள். ஊர் ஊராக வட்டாரச் சொற்களைச் சேகரித்தார்கள், எழுத்துக்கூட்டலுக்கு விதி வகுத்தார்கள். 1942-ல் ஒரு பள்ளி மாணவியின் நாட்குறிப்பைப் பிடித்துக்கொண்டு போலீஸ் கிளறியது. அக்டோபரில் கைதுகள் தொடங்கின. அகராதி தொகுப்பதே தேசத்துரோகம் என்று வழக்கு. முப்பதுக்கும் மேற்பட்டோர் பிடிபட்டார்கள். யி யுன் ஜே, ஹான் ஜிங் என்ற இரண்டு அறிஞர்கள் ஹாம்ஹுங் சிறையிலேயே இறந்தார்கள். கையெழுத்துப் படிகளைச் சாட்சியம் என்று எடுத்துப் போய்விட்டார்கள். பதிமூன்று ஆண்டு உழைப்பு. விடுதலைக்குப் பின் விடுபட்டு வந்தவர்கள் அதைத் தேடி அலைந்தார்கள். 1945 செப்டம்பரில் சியோல் ரயில் நிலையச் சரக்குக் கிடங்கில், கேட்பாரற்றுக் கிடந்த கட்டுகளாக அது அகப்பட்டது. 1947-ல் முதல் தொகுதி வெளியானது. யுன் தோங் ஜு என்ற இளம் கவிஞருக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. கொரிய மொழியில் எழுதிய அவர் ஜப்பானின் ஃபுகுவோகா சிறையில் 1945 பிப்ரவரியில் இறந்தார். வயது 27.

போருக்கு வருவோம். 1940-ல் சீனாவின் சோங்சிங்கில் தற்காலிக அரசு கொரிய விடுதலைப் படையை அமைத்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் மீது போர் அறிவித்தது. 1943-ல் அந்தப் படையிலிருந்து ஒன்பது பேர் பிரிட்டிஷ் படைக்கு உதவ இந்தியா வந்து பயிற்சி பெற்று இம்பால் போர்முனைக்குப் போனார்கள். ஜப்பானியச் சிப்பாய்களிடம் ஒலிபெருக்கியில் பேசுவது, பிடிபட்ட ஆவணங்களை மொழிபெயர்ப்பது, கைதிகளை விசாரிப்பது அவர்கள் வேலை. எதிர்ப்பக்கத்தில் ஜப்பானியரோடு நின்றது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். அந்த ராணுவத்தில் மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்கள் பெருமளவில் சேர்ந்திருந்தார்கள் என்பது நமக்குத் தெரிந்ததே. நம் ஆட்கள் பிரிட்டனை விரட்ட ஜப்பானோடு சேர்ந்தார்கள், கொரியர்கள் ஜப்பானை விரட்ட பிரிட்டனோடு சேர்ந்தார்கள். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்றேதான். இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

1943 நவம்பரில் ரூஸ்வெல்ட், சர்ச்சில், சியாங் கை ஷேக் மூவரும் கெய்ரோவில் கூடினார்கள். அறிக்கையில், கொரிய மக்களின் அடிமைநிலையைக் கருத்தில் கொண்டு, உரிய காலத்தில் கொரியா சுதந்திர நாடாகும் என்று எழுதினார்கள். அந்த அறிக்கையில் இந்தியாவைப் பற்றியோ வியட்நாமைப் பற்றியோ ஒரு சொல் கிடையாது. அடிமை நாடுகள் நிறைய இருந்தபோது கொரியா மட்டும் எப்படிப் பெயரோடு இடம்பெற்றது? அந்த ஆண்டு ஜூலையிலேயே கிம் கூவும் தோழர்களும் சியாங்கை நேரில் பார்த்து வற்புறுத்தியிருந்தார்கள். அவர்களுக்கு அந்தக் கதவைத் திறந்துவிட்டது யுன் பொங் கில்லின் குண்டு. அதற்கும் அடியில் 1919 இருக்கிறது. ஆக, "தானாகக் கிடைத்தது" என்பதற்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. எந்தக் கொரியனும் குரல் கொடுக்காமல் இருந்திருந்தால், 1945-ல் கொரியா ஜப்பானின் ஒரு மாகாணமாகவே எண்ணப்பட்டிருக்கவும் கூடும்.

ஆனால் அதே வரியில் "உரிய காலத்தில்" என்று ஒரு சொல் இருந்தது. அந்தச் சொல்தான் பின்னால் வினையானது. அமெரிக்க உளவு அமைப்போடு சேர்ந்து கொரிய விடுதலைப் படை வீரர்கள் ஷியானில் பயிற்சி முடித்து, தாயகத்துக்குள் இறங்கக் காத்திருந்த நேரத்தில் ஜப்பான் சரணடையும் செய்தி வந்தது. கிம் கூ துள்ளிக் குதிக்கவில்லை, வானமே இடிந்து விழுந்த மாதிரி இருந்தது என்று எழுதினார். போரில் நாம் ஒரு பங்கும் எடுக்கவில்லை என்றால் நாளை நம் பேச்சை யார் கேட்பார்கள் என்பது அவர் கவலை. அது அப்படியே பலித்தது. ஆகஸ்ட் 10-11 நள்ளிரவில் வாஷிங்டனில் இரண்டு அமெரிக்க ராணுவ அதிகாரிகள், சுமார் அரை மணி நேரத்தில், ஒரு வரைபடத்தைப் பார்த்து 38-ஆம் இணைகோட்டில் கொரியாவைப் பிரித்தார்கள். ஒரு கொரியரையும் கேட்கவில்லை. வடக்கே சோவியத், தெற்கே அமெரிக்கா.

ஆகஸ்ட் 15 வந்தது. சியோலில் யோ உன் ஹ்யோங் என்ற விடுதலைப் போராட்டத் தலைவரின் தலைமையில் மக்கள் தாங்களே குழு அமைத்து, அரசியல் கைதிகளை விடுவித்து, ஊர்க்காவலைப் பார்த்துக்கொண்டார்கள். செப்டம்பர் 8 அன்று அமெரிக்கப் படை இஞ்சோனில் இறங்கியது. அவர்களை வரவேற்கக் கூடிய கொரியர்களை ஜப்பானியப் போலீஸ் சுட்டது, இருவர் இறந்தார்கள். விடுதலை கிடைத்து மூன்று வாரம் ஆன பிறகு! மறுநாள் சியோலில் ஜப்பானியக் கொடி இறங்கியது, ஏறியது அமெரிக்கக் கொடி. மக்கள் குழுவையும் ஏற்கவில்லை, தற்காலிக அரசையும் ஏற்கவில்லை. 26 ஆண்டு வெளிநாட்டில் அரசு நடத்தியவர்கள் நவம்பரில் தனி நபர்களாகத்தான் நாடு திரும்ப அனுமதிக்கப்பட்டார்கள். ஜப்பானியரிடம் வேலை பார்த்த போலீஸ்காரர்கள் அதே வேலையில் தொடர்ந்தார்கள். துரோகிகளை விசாரிக்க அமைத்த குழுவை 1949-ல் போலீஸே முற்றுகையிட்டு முடக்கியது. யோ உன் ஹ்யோங் 1947-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். பிரிவினையை ஏற்க மறுத்த கிம் கூ 1949 ஜூன் 26 அன்று, தன் வீட்டிலேயே, ஒரு கொரிய ராணுவ அதிகாரியின் குண்டுக்குப் பலியானார். அடுத்த ஓராண்டில் கொரியப் போர்.

வடக்கில் வேறு விதமான அநீதி. பின்னாளில் வடகொரியாவை ஆண்ட கிம் இல் சுங் மஞ்சூரியாவில் கெரில்லாவாகப் போரிட்டது உண்மை, 1937-ல் போச்சோன்போ ஊரைத் தாக்கியதும் உண்மை. ஆனால் நாற்பது ஆண்டுப் போராட்டம் முழுவதையும் ஒரே குடும்பத்தின் கதையாக எழுதி வைத்திருக்கிறார்கள். தெற்கிலும் நீண்ட காலம் இடதுசாரிப் போராளிகளின் பெயரைச் சொல்லவே பயந்தார்கள். எல்லாரையும் சேர்த்து எண்ணினால்தான் கணக்கு சரியாக வரும்.

எப்போதாவது சியோலுக்குப் போனால் சோதேமுன் சிறையைப் பாருங்கள், இப்போது அது அருங்காட்சியகம். அப்புறம் ஹ்யோசாங் பூங்காவுக்கும் போங்கள். கிம் கூ அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். 1946-ல் அவர் ஜப்பானிலிருந்து யுன் பொங் கில் உள்ளிட்ட மூன்று தியாகிகளின் எலும்புகளை வரவழைத்து அங்கே புதைத்தார். பக்கத்தில் இன்னொரு கல்லறையும் எழுப்பினார். ஆன் ஜுங் குன்னுக்காக. லூஷுன் சிறையருகே அவரைப் புதைத்த இடம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அந்த நான்காவது மேட்டுக்குள் இன்றைக்கும் எதுவும் இல்லை.